ஒரு கட்டம் கீழே

அத்தியாயம் 14

நானூற்றுப் பன்னிரண்டு மெயில்களும் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொன்னபோது மணி ஒன்பது பத்து. நூலகர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நூலகத்தில் வேறு யாரும் இல்லாததால், "பலே!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இருக்காதா பின்னே? வாசகர் அட்டைகளையெல்லாம் இணையத்தில் ஏற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து ஆறு வாரம் ஆகிறது. அந்த ஆறு வாரத்தில் அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டு மறந்துவிடக் கூடாதென்று அதை ஓர் அட்டையில் எழுதி, அட்டவணைப் பெட்டியில் 'ரகசியம்' என்ற தலைப்பிட்டு, அகர வரிசைப்படி செருகி வைத்தவள் அவள். ஆன்லைன் வகுப்பில் மைக்கை அணைக்காமல், "இந்தம்மா என்ன, கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஓடுது!" என்று சொல்ல, பாடம் நடத்திய அம்மாளும் நாற்பது நூலகர்களும் அதைக் கேட்டது போன மாதத்துக் கதை.

ஒன்பதாவது பாடம், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது. எதையாவது நிரப்பி அனுப்பிப் பாருங்கள் என்றார்கள். பயணக் கப்பல் ஒன்றின் நூலகத்துக்கு நான்கு மாதம் ஒரு நூலகர் தேவை என்று கண்ணில் பட்டது, நிரப்பி அனுப்பினாள். பயிற்சிதானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பதினோராவது பாடம். ஒரே கடிதத்தை எல்லோருக்கும், அவரவர் பெயர் போட்டு அனுப்புவது. 'உங்கள் விவரங்கள் கீழே. சரியா என்று பார்க்கவும்.' அவ்வளவுதான் கடிதம். 'எல்லா விவரங்களையும் சேர்க்கலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. அரைகுறையாகத் தகவல் கொடுப்பது நூலகருக்கு அழகா? 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

அவளுடைய போன் சிணுங்கியது. அவளுக்கும் ஒரு மெயில் வந்திருந்தது. வாசகர் அட்டை எண் ஒன்று அவளுடையதுதானே!

எண், பெயர், முகவரி எல்லாம் சரி. கடைசி வரி இப்படி இருந்தது. 'உங்களைப் பற்றிய குறிப்பு: குறிப்பு.'

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

குறிப்பு என்று ஒரு வரி ஏன் இருக்கிறது?

இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு வாசகர் அட்டையின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி வருகிறாள். யாருக்கு என்ன பிடிக்கும், யாரிடம் எதைக் கொடுக்கக் கூடாது, யார் எதற்காக வருகிறார்கள். இரண்டு மூன்று வரிதான். தன் கண்ணுக்கு மட்டும். ஒரு வாசகரைப் பற்றி இன்னொரு வாசகரிடம் அவள் வாய் திறந்ததில்லை. பென்சிலிடம் மட்டும் திறப்பாள். முக்கால்வாசிக் குறிப்புகள் 'கேட்காதே' என்றே முடியும். அட்டையில் இருந்ததையெல்லாம் ஏற்றச் சொன்னார்கள். அவள் பின்பக்கத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டாள்.

"ஐயையோ!" என்றாள் சத்தமாக. "நானூத்திப் பன்னெண்டு பேருக்கும்!"

அனுப்பியதைத் திரும்ப இழுக்கப் பொத்தான் இருக்கிறதா என்று தேடினாள். பன்னிரண்டாவது பாடமாக இருக்கும்போலிருக்கிறது.

முதல் போன் ஒன்பதரைக்கு வந்தது.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன்." எப்போதும் வெடிக்கும் குரல், இன்று பஞ்சு மாதிரி இருந்தது. "ஒரு மெயில் வந்துது. 'சோகமான முடிவு உள்ள கதை வேண்டாம். தேம்பித் தேம்பி அழுவார். கேட்காதே.'"

"சார், அது வந்து… தப்பா…"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரிக்கே தெரியாது. ஸ்டேஷன்ல தயவுசெஞ்சு…"

"சொல்லமாட்டேன் சார்."

போனை வைத்த பிறகும் உறுத்தியது. இன்ஸ்பெக்டருக்கா அப்படி எழுதினோம்? அவர் துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொட்டதில்லையே! யோசிக்க நேரமில்லை. பதில் மெயில்கள் வந்து குவிந்தன. ஒருவர், 'என் மனைவிகூட என்னை இவ்வளவு புரிந்துகொண்டதில்லை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'நான் புத்தகத்துக்குள் நெயில்கட்டரை வைப்பதாகச் சொல்வது அபாண்டம். எனக்கு நகம் கடிக்கும் பழக்கம்' என்று எழுதியிருந்தார்.

பத்து மணிக்கு அவள் கணவரிடமிருந்து போன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை. வேலை இல்லாத நேரத்திலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிற ஆள் இல்லை.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ… டீ குடிச்சியா?"

"டீயா? தலை போற வேலை இருக்குங்க எனக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சம்பந்தி வீட்டுல வராங்க, சீக்கிரம் வந்துடுங்க."

"வந்துடறேன்," என்றார். பிறகும் வைக்காமல் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவளே வைத்துவிட்டாள்.

சம்பந்தி வீடு! அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அடுத்த இடி விழுந்தது. பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை பல் டாக்டர். அவன் அம்மா தலைமையாசிரியை. அப்பா, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூன்று பேருமே நூலகத்து வாசகர்கள். மூன்று பேருக்கும் மெயில் போயிருக்கிறது. அவர்கள் கல்யாணத் தேதி பேச வருகிற நாளும் இன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியையே வந்துவிட்டார்.

"கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம், சம்பந்தியம்மா."

"அந்த வார்த்தை இப்ப வேண்டாம்."

மேசைமேல் ஒரு தாளை வைத்தார். மெயிலை அச்செடுத்து, சிவப்பு மையில் மூன்று இடத்தில் கோடு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரையாவது கண்டிக்கும்போது இருக்கும் அதே நிதானத்தோடு வாசித்தார்.

"'பையில் சின்னக் கத்தரிக்கோல் உண்டு. பறவைப் படங்களை வெட்டி எடுத்துக்கொள்கிறார். நேரில் கேட்டால் முகம் வாடிவிடும். கேட்காதே.'"

வாசித்து முடித்துவிட்டுத் தன் கைப்பையைக் கவுண்டரின் மேல் அப்படியே தலைகீழாகக் கொட்டினார். சாக்குக்கட்டி நாலு, ஒரு விசில், இரண்டு சிவப்புப் பேனா, தலைவலி மாத்திரை, சாவிக்கொத்து.

"தேடுங்க. கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க."

அந்தக் குறிப்பு யாருடையது என்று நூலகருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இது எப்படி இவருக்குப் போனது?

"இது உங்களோடது இல்லம்மா! சத்தியமா இல்ல. எப்படியோ மாறி வந்திருக்கு."

"பின்ன யாரோடது?"

பெயர் தொண்டை வரை வந்தது. இருபத்தாறு வருட வழக்கம் அதைப் பிடித்து நிறுத்தியது.

"அதை… சொல்ல முடியாதும்மா."

"என் பேர், என் எண், என் முகவரி. ஆனா என்னோடது இல்ல. யாரோடதுன்னும் சொல்லமாட்டீங்க. எங்க ஸ்கூல்ல ஏழாம் கிளாஸ் பசங்ககூட இதைவிட நல்லாச் சாக்கு சொல்லுவாங்க." பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். "இருபது வருஷமா இந்த வாசப்படி ஏறி வரேன். நீங்க சிரிக்கறதைப் பார்த்து, நல்ல மனுஷின்னு நினைச்சுத்தான் உங்க வீட்டுப் பொண்ணைப் பையனுக்குக் கேட்டேன். மனசுக்குள்ள என்னைப் புத்தகம் கிழிக்கறவன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"அம்மா, நான்…"

"அஞ்சு மணிக்குள்ள யாரோடதுன்னு சொல்லுங்க, வரோம். இல்லன்னா வரமாட்டோம். அவ்வளவுதான்."

நூலகர் போகிறவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விசில் ஒன்று கவுண்டர்மேல் மறந்துபோய்க் கிடந்தது.

மதியம் மகள் ஓடிவந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். யாருடைய முட்டியையோ பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கையெல்லாம் தைல வாசம்.

"அம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்க? எனக்கு என்ன வந்திருக்கு தெரியுமா? 'புத்தகம் எடுத்ததே இல்லை. வாசலில் நின்று காத்திருப்பார். உட்காரச் சொன்னால் பரவாயில்லை என்பார்.' நான் என்னைக்கும்மா வாசல்ல நின்னேன்? இது அப்பா!"

"அப்பாவோட அட்டை ரெண்டாம் நம்பர். உன்னோடது மூணு," என்றாள் நூலகர் மெதுவாக.

ஒரே வீட்டுக்காரர்களுக்கு அடுத்தடுத்த எண் கொடுப்பது அவள் ஆரம்பித்த முறை. வீட்டுத் தலைவர், அடுத்து மனைவி, அடுத்து பிள்ளைகள். தன் வீட்டில் மட்டும் முதல் எண்ணைத் தனக்கு வைத்துக்கொண்டாள். நூலகத்தைத் திறந்ததே அவள்தானே!

மகள் மவுஸைப் பிடுங்கினாள். வாசகர் பட்டியல் இருந்த ஷீட் திறந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"அம்மா, இந்தக் கடைசி வரிசையில மேல 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, இதை நீயா சேர்த்த?"

"ஆமா. தலைப்பு இங்கிலீஷ்ல இருந்துது. பார்க்க நல்லால்லைன்னு கீழ ஒரு கட்டம் சேர்த்துத் தமிழ்ல போட்டேன். ஏன்?"

"நீ ஒரு கட்டம் சேர்த்ததும் மொத்த வரிசையும் ஒரு கட்டம் கீழ இறங்கிடுச்சும்மா! ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி நம்பர்காரரோட குறிப்பு போயிருக்கு. எனக்கு அப்பாவோடது. அப்படின்னா அப்பாவுக்கு…"

மகளின் போன் அடித்தது. பல் டாக்டர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்கம்மா என்னைப் பத்தி என்னன்னவோ எழுதியிருக்காங்க. 'சனிக்கிழமை மதியம் தனியாக வருவார். தோட்டக்கலைப் புத்தகத்தைத் திறந்துவைத்து ஜன்னலையே பார்ப்பார். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு…'"

"படிக்காதீங்க தம்பி!" என்று கத்தினாள் நூலகர். நூலகத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

பல்லைப் பிடுங்குகிறவனுக்கு மூளை மெதுவாகவா வேலை செய்யும்? "எங்க வீட்டுல ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறது ஒரே ஒருத்தர்தான்," என்றான். "சரி. நான் அப்புறம் பேசறேன்."

மகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஷீட்டில் அவள் கண் இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. நூற்றுப் பதினெட்டு மாப்பிள்ளை. நூற்றுப் பதினேழு மாமியார். நூற்றுப் பதினாறு…

"கத்தரிக்கோல் கேஸ் மாமனாரா? அந்தச் சாதுவா? அம்மா, இப்பவே போன் போட்டு அத்தைகிட்டச் சொல்லிடு."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"ஒரு வாசகரைப் பத்தி இன்னொரு வாசகர்கிட்ட நான் பேசினதில்ல."

"அவங்க புருஷன் பொண்டாட்டிம்மா!"

"அட்டை தனித்தனிதானே? இந்தப் பழக்கத்தைப் பன்னெண்டு வருஷமா அவர் வீட்டுல மறைச்சு வச்சிருக்கார். நான் ஒரு போன்ல அதைப் போட்டு உடைக்கணுமா?"

"என் கல்யாணம்மா இது. உனக்கு நான் முக்கியமா, நூத்திப் பதினாறு முக்கியமா?"

கேட்ட கேள்வி நூலகரை அறைந்தது மாதிரி இருந்தது. அதைவிட, தன்னிடம் உடனே பதில் வராதது அவளை உலுக்கியது.

"சரி, நான் சொல்லமாட்டேன்," என்று மகள் எழுந்தாள். "அவரையும் அவங்கம்மாகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா உன்கூடவும் பேசமாட்டேன்."

அவள் போன பிறகு நூலகர் பத்து விரலில் இரண்டால் தட்டி, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இன்னொரு கடிதம் எழுதினாள். 'காலையில் வந்த குறிப்பு உங்களுடையது அல்ல. தவறு முழுக்க என்னுடையது. அருள்கூர்ந்து அழித்துவிடவும். மன்னிக்கவும்.' எப்படி மாறியது என்று மட்டும் எழுதவில்லை. எழுதினால் ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணி, அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்களே. 'எல்லா விவரங்களையும் சேர்க்கலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'இல்லை'யை மூன்று தடவை அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'என்னுடையது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதை நானே வைத்துக்கொள்கிறேன்.'

தலைமையாசிரியையிடமிருந்து எதுவும் வரவில்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் கணவர் ஏணியின் உச்சியில், பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்து நின்றிருந்தார்.

"இன்னைக்குப் போய்ப் பரணை ஒழிக்கணுமா? ஆளுங்க வர நேரம்!"

"தூசி," என்றார்.

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். ஆறு நாற்காலி. மகள் தட்டில் பிஸ்கட்டை அடுக்கினாள். மணி ஐந்து ஆனது. ஐந்து பத்து. ஐந்தே கால்.

"வரமாட்டாங்க," என்றாள் மகள். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால், அழுகிறாளா என்று தெரியவில்லை.

நூலகர் போனை எடுத்தாள். தலைமையாசிரியையின் எண்ணைப் பார்த்தாள். ஒரே ஒரு பெயர். சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். கட்டைவிரல் அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது. பெண்ணின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு குலுங்கியது.

அவள் அழுத்தினாளா, அழுத்த இருந்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அதற்குள் வாசல் மணி அடித்தது.

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் நுழைந்தார். கையில் பெரிய அட்டை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியை, முகம் வெளுத்துப்போய். கடைசியில் பல் டாக்டர்.

"உட்காருங்க," என்றாள் நூலகர்.

"நின்னே சொல்லிடறேன்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "கத்தரிக்கோல் என்னோடது."

மகள் கையிலிருந்த தட்டு சாய்ந்து பிஸ்கட்டுகள் தரையில் உருண்டன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"மத்தியானம் இவ வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் காட்டினா. படிச்சதும் எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. சரி, இன்னும் கொஞ்ச நேரத்துல உங்ககிட்டேருந்து போன் வரும், நான் மாட்டிக்குவேன்னு உட்கார்ந்திருந்தேன். மூணு மணி ஆச்சு, நாலு ஆச்சு. போனே வரல. பொண்ணு கல்யாணமே போகுதுன்னு தெரிஞ்சும் நீங்க வாயைத் திறக்கலையே! அதுக்கப்புறமும் நான் சும்மா இருந்தா மனுஷனா?"

அட்டையைத் திருப்பினார். மீன்கொத்தி, மரங்கொத்தி, மயில், ஆந்தை, கொக்கு. முப்பத்தொரு பறவைகள், மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக ஒட்டியிருந்தன.

"எழுத்து தெரியாத சின்னப் பிள்ளைங்க கண் பரிசோதனைக்கு வந்தா அட்டையைப் பார்த்து அழும். பறவைன்னா அழாம சொல்லும். விலைக்குத் தேடினேன், இந்த மாதிரி கிடைக்கல. ஒண்ணுன்னு ஆரம்பிச்சேன்…"

"மீன்கொத்தி வாலுல எங்க லைப்ரரி முத்திரை பாதி இருக்கும்," என்றாள் நூலகர். "எனக்குக் கண்ணாடி போட்டப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டும் ஏன் கேட்கல?"

"அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த குழந்தை அழாம சொல்லிச்சே."

தலைமையாசிரியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "புத்தகத்துல பேனாக் கோடு போட்டாலே பிள்ளைங்களை வெளியில நிக்க வைக்கிறேன். வீட்டுல ஒருத்தர் கத்தரிக்கோல் வச்சிட்டு உட்கார்ந்திருக்கார்! இவரை எங்க நிக்க வைக்கிறது?"

"என்ன சொன்ன?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அப்பாவுக்கு வந்த குறிப்பு, 'காது மந்தம், ஒப்புக்கொள்ளமாட்டார்'," என்றான் பல் டாக்டர். "அது யாருக்கோ எழுதினது. ஆனா மத்தியானம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம். இடது காது நிஜமாவே சரியில்ல."

"பத்து வருஷமா நான் பேசறதுக்கு இவர் தலையாட்டினதெல்லாம் அப்ப என்ன?" என்று அதிர்ந்தார் தலைமையாசிரியை. முதலில் சிரித்தது மகள். அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் தலைமையாசிரியை நூலகரைச் சமையலறைப் பக்கம் இழுத்தார். "காலையில நான் பேசினது… மனசுல வச்சுக்காதீங்க."

"எம்மேலதான் தப்பு, சம்பந்தியம்மா. உங்க விசில் என்கிட்டத்தான் இருக்கு."

"இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். அவரோடது எனக்கு வந்துதுன்னா, என்னோடது…" விரல்விட்டு எண்ணினார். கண் விரிந்தது. "அடுத்த நம்பர் என் பையன்!"

"அம்மா," என்றான் பல் டாக்டர், கதவோரத்திலிருந்து. "எனக்கு வந்த மெயிலை அழிக்கச் சொன்னாங்க, அழிச்சுட்டேன். என்ன எழுதியிருந்துதுன்னு ஞாபகம் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "சனிக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்ல. வேணும்னா உங்களைக் கார்ல விட்டுட்டு வரேன். உள்ள வரமாட்டேன்."

தலைமையாசிரியை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அங்க யாரும் என்னை மேடம்னு கூப்பிடறதில்லடா," என்றார் சுவரிடம். "அவ்வளவுதான்."

ஆறரைக்குத் தேதி முடிவானது. மகள் காலண்டரில் வட்டம் போட்டாள். போகிற போக்கில் அம்மாவின் தோளில் ஒரு நொடி தலையைச் சாய்த்துவிட்டு, "இன்னும் முழுசாப் பேச ஆரம்பிக்கல," என்று சொல்லிவிட்டு எல்லோரையும் வழியனுப்பக் கீழே இறங்கினாள்.

வீடு அமைதியானது. நூலகர் தரையில் கிடந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கினாள். நாள் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இடியெல்லாம் முடிந்ததென்று மூச்சுவிட்டபடி நிமிர்ந்தாள்.

உள்ளறையிலிருந்து கிறீச், கிறீச் என்று சத்தம். அவள் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பரணிலிருந்து இறக்கிய சின்னப் பயணப் பெட்டி அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. லிஃப்ட்டுக்குப் போடும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அதன் சக்கரத்தில் விட்டு, சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எதுக்குங்க இப்ப எண்ணெய்?"

அவர் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

எண்: 2. பெயர், முகவரி. அதன் கீழே, 'கடல் பயணப் புத்தகங்களாகவே எடுக்கிறார். ஒரு நாள் தனியாகக் கிளம்பிவிடுவார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.'

அப்பாவுக்கு… என்று மகள் பாதியில் விட்டது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முதல் எண்ணின் குறிப்பு இரண்டாவது எண்ணுக்கு வந்திருக்கிறது. அவளே எழுதியது, அவளைப் பற்றி, பதினொரு வருடத்துக்கு முன்னால். எழுதியதை மறந்தே போயிருந்தாள். நானூறு அட்டைகளோடு ஒன்றாக, படிக்காமலே தட்டியும் விட்டாள்.

காலை பத்து மணிக்கு வந்த போன். டீ குடிச்சியா?

அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். "இது… என்னைக்கோ எழுதினதுங்க."

"பாப்பா சொன்னா. மத்தவங்களுக்கெல்லாம் கடைசியில 'கேட்காதே'ன்னு எழுதுவியாமே. இதுல அது இல்ல." சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். இப்போது சத்தமில்லாமல் சுற்றியது. "அதனால கேக்கறேன்."

"என்ன?"

"நான் வாழ்நாள் பூரா மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். பக்கவாட்டுல எங்கயும் போனதில்ல." இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. "துணைக்கு நானும் வந்தா… தொந்தரவா இருக்குமா?"

வாசலில் நின்று காத்திருப்பார். உட்காரச் சொன்னால் பரவாயில்லை என்பார். அவர் அட்டையில் அவள் எழுதியது அவ்வளவுதான். அதற்குமேல் எழுதத் தோன்றவே இல்லையே!

வாங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அவர் கைக்குப் பக்கத்தில் தரையில் இருந்த அவளுடைய போன் ஒளிர்ந்தது. புது மெயில். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, அவளுக்கு உதவுவதாக நினைத்து, அவரே சத்தமாகப் படித்தார்.

"'எங்கள் கப்பல் நூலகத்தின் நூலகராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்களுக்காக அறை ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு நபருக்கு மட்டும்.'"

இன்னொரு தடவை, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசையப் படித்தார்.

பிறகு எண்ணெய்க் குப்பியின் மூடியைத் தேடி எடுத்து, மெதுவாகத் திருகி மூடினார்.